வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டதா? களைவதில் தொடங்கி மறுபடி நிறுவுவது வரை

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: "ஃபார்மட் அடித்துவிடலாம்." மறுநாள் திரும்பி வரும் கணினி பறக்கிறது. நாலைந்து மாதத்தில் பழைய நடைக்கே வந்துவிடுகிறது. அழித்த மென்பொருள்களில் பாதி கடையிலேயும் மீதி வீட்டிலுமாகத் திரும்ப ஏறிவிட்டதுதான் காரணம். மறுபடி நிறுவுவதால் வரும் வேகம், எதைத் திரும்பப் போடாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தக் களையெடுப்பை முதலிலேயே செய்துவிட்டால் பலருக்கு ஃபார்மட் தேவைப்படாமலே போய்விடும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 உள்ள வீட்டுக் கணினிகளுக்கானவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். எந்தப் படியில் கணினி சரியாகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1. எது மெதுவாகிறது என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்துக்குக் கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். நாள், மணி, நிமிடம், நொடி. தினமும் இரவில் ஷட்டவுன் செய்கிறவர்கள் வீட்டில்கூட அது இருபது நாள், முப்பது நாள் என்று காட்டுவதுண்டு. அந்த எண் பொய் சொல்லவில்லை. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் உட்பகுதியை மட்டும் அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கும்; மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். இயங்குதளத்தை முழுக்கப் புதிதாகத் தொடங்கவைப்பது ரீஸ்டார்ட். வாரம் ஒருமுறை அதைச் செய்தாலே சிலருடைய புகார் தீர்ந்துவிடும்.

ரீஸ்டார்ட் ஆனபின் ஐந்து நிமிடம் எதையும் திறக்காமல் விட்டுவிட்டு மறுபடி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால், பின்னணியில் ஓடும் கூட்டம் அதிகம் அல்லது ரேம் போதவில்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் என்று சொல்லப்படுவது 4 ஜிபி ரேம். கணினியைத் திறந்து வைக்க அது போதும். வேலை செய்ய 8 ஜிபியாவது வேண்டும்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கதை வேறு. அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'டிஸ்க் 0' என்பதன் கீழ் ஹெச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். ஹெச்டிடி என்றால் உள்ளே தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்குச் சுமார் 100 எம்பி வரை கொடுக்கும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை; அப்போது அந்த வேகம் நூறில் ஒரு பங்குக்குக்கூட விழுந்துவிடும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி வரை படிக்கும், சின்னக் கோப்புகளிலும் தடுமாறாது. ஆகவே ஹெச்டிடி வைத்திருப்பவர்களுக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்துச் செய்தாலும், எஸ்எஸ்டி மாற்றுவதால் கிடைக்கும் வேகத்தில் கால்வாசிகூடக் கிடைக்காது. பணம் செலவழிப்பதென்றால் அங்கே செலவழியுங்கள். பழைய டிஸ்கை வெளி உறை ஒன்றில் போட்டால் காப்புநகல் எடுக்கவும் ஆகும்.

டிஸ்கின் உடல்நிலையையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒரு பார்வையில் சொல்லிவிடும்: நீல நிறத்தில் 'குட்' என்றால் நல்லது, மஞ்சளில் 'காஷன்' என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கில் விண்டோஸை மறுபடி நிறுவுவது வீண் வேலை. இருக்கிற கோப்புகளும் போகும்.

2. தொடங்கும்போதே ஏறிக்கொள்ளும் கூட்டம்

டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் 10-இல் வெறும் 'ஸ்டார்ட்அப்'. கணினி எழுந்தவுடன் நம்மைக் கேட்காமலே எழுந்துகொள்ளும் நிரல்களின் பட்டியல் இது. 'ஸ்டார்ட்அப் இம்பேக்ட்' என்ற பத்தியைச் சொடுக்கினால் 'ஹை' என்று குறிக்கப்பட்டவை ஒன்றுசேர்ந்து நிற்கும். வேண்டாததன்மீது வலது சொடுக்கில் 'டிசேபிள்' கொடுங்கள். இதனால் மென்பொருள் அழிந்துவிடாது. நாம் திறக்கும்போது மட்டும் திறக்கும். எனவே தயங்காமல் செய்யலாம்.

பாட்டுக் கேட்கும் ஆப், கேம் லாஞ்சர்கள், வீடியோ மீட்டிங் ஆப்கள், டோரன்ட், பிடிஎஃப் மென்பொருளின் அப்டேட்டர், பிரின்டரில் மை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் உதவியாளர் ஆகிய எதுவும் தொடக்கத்திலேயே ஓட வேண்டியதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டி, டச்பேட், ஒலி அட்டை சம்பந்தப்பட்டவை, நீங்கள் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஒன்டிரைவ் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் அதுவும் இருக்கட்டும். கணக்கே இல்லாமல் சும்மா ஓடினால் நிறுத்திவிடலாம்.

பிரவுசரும் இந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் என்று போனால், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஆப்களை ஓடவிடலாமா என்று ஒரு பொத்தான் இருக்கும், அணைத்துவிடுங்கள். எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்ற பெயரில் அதுவே வேறு வடிவத்தில் இருக்கிறது. பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலில் பெயரைப் படித்தும் எதற்கென்று தெரியாதவை இருந்தால் நீக்குங்கள்.

இன்னொன்று. திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது" என்று அடிக்கடி அறிவிப்பு வந்தால் உடனே பதறிப்போய் ஆன்டிவைரஸ் வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலும் அது ஏதோ ஓர் இணையதளத்துக்கு 'அலவ்' கொடுத்துவிட்டதன் விளைவு. பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாதவற்றை நீக்கினால் 'வைரஸ்' அத்தோடு போய்விடும்.

3. நிறுவியிருப்பதில் எதைக் களைவது

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்'. விண்டோஸ் 10-இல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. பட்டியலை அளவு வாரியாக அடுக்கினால் இடத்தை அடைப்பவை மேலே வரும். தேதி வாரியாக அடுக்கினால் எந்த நாளில் கணினி கெட ஆரம்பித்தது என்பதற்குத் தடயம் கிடைக்கும். ஒரே தேதியில் நாலு புதிய பெயர்கள் நிற்கின்றன, அதில் மூன்றை நீங்கள் கேட்டதே இல்லை என்றால், நாலாவதை நிறுவும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டியதில் மற்ற மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன.

முதலில் போக வேண்டியவை, கணினியை வேகமாக்குவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவை. 'டிரைவர் அப்டேட்டர்', 'பிசி பூஸ்டர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' வகையறாக்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம். அதில் மிச்சமிருக்கும் பழைய வரிகள் கணினியைக் கவனிக்கும்படி மெதுவாக்குவதில்லை. அவற்றைத் துடைக்கப் போய்த் தேவையான வரியைத் துடைத்தால்தான் சிக்கல். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. நல்ல பெயர் எடுத்த துப்புரவு மென்பொருளுக்கும் ஆபத்து வரும். 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்பு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே தீநிரல் கலந்து ஏறத்தாழ ஒரு மாதம் வெளியானது. 20 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது போய்ச் சேர்ந்தது. விண்டோஸிலேயே இருக்கும் வசதி போதும் எனும்போது இன்னொரு கையை உள்ளே விடுவானேன்?

அடுத்து, காலாவதியான ஆன்டிவைரஸ். லேப்டாப் வாங்கும்போது சில மாத இலவசச் சந்தாவோடு வந்தது, சந்தா முடிந்த பிறகும் உட்கார்ந்துகொண்டு தினமும் பணம் கேட்கும். சந்தாவைப் புதுப்பிப்பதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள். நீக்கியவுடன் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும் என்பது என் எண்ணம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொரு கோப்பும் இரண்டு முறை சோதிக்கப்படும். சாதாரணமாக நீக்கினால் முழுதாகப் போகாத ஆன்டிவைரஸ்களுக்கு அந்தந்த நிறுவனமே தனி நீக்கும் கருவி வெளியிட்டிருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

பிறகு பழம்பொருள்கள். ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துபோனது. இன்னும் பட்டியலில் இருந்தால் அதற்கு எந்த வேலையும் இல்லை. ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. பழைய ஜாவா, எப்போதோ ஒருமுறை பயன்படுத்திய வீடியோ கன்வெர்ட்டர், மூன்று பிடிஎஃப் ரீடர்களில் இரண்டு, விற்றுவிட்ட பிரின்டரின் மென்பொருள், பழைய மொபைலை இணைக்கப் போட்ட சூட் எல்லாம் போகலாம்.

தொடக்கூடாதவையும் இருக்கின்றன. 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++' என்ற பெயரில் 2005, 2008, 2010, 2013 என்று வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு நிற்கும். ஒன்றுதான் பலமுறை ஏறிவிட்டது என்று நினைத்துப் பழையவற்றை நீக்குகிறவர்கள் உண்டு. அவை ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு மென்பொருள் நம்பியிருக்கிறது. இடமும் அதிகம் எடுப்பதில்லை. இன்டெல், ஏஎம்டி, ரியல்டெக், சினாப்டிக்ஸ் என்று தொடங்குபவை, கணினியின் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர்கள். அவற்றையும் விட்டுவிடுங்கள்.

ஒரே மூச்சில் இருபதை நீக்காதீர்கள். நாலைந்து நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிரின்டர், ஸ்கேனர், ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த நாலைந்துக்குப் போங்கள். ஏதாவது தடுமாறினால் எதனால் என்று உடனே தெரியும்.

4. ஒரு மென்பொருளை மட்டும் மறுபடி நிறுவுதல்

கணினி முழுவதும் நன்றாக ஓடுகிறது, ஒரே ஒரு மென்பொருள்தான் தகராறு செய்கிறது என்றால் விண்டோஸை இழுக்க வேண்டாம். 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' இருந்தால் அதற்குள் 'ரிப்பேர்', 'ரீசெட்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ரிப்பேரை முதலில் முயலுங்கள். அது தரவைத் தொடாது. எம்எஸ் ஆஃபீஸுக்கு 'மாடிஃபை' கொடுத்தால் குவிக் ரிப்பேர், ஆன்லைன் ரிப்பேர் என்று இரண்டு வழி காட்டும். அதுவும் பலிக்காவிட்டால் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். இடையில் அந்த ரீஸ்டார்ட் முக்கியம். பல நிரல்கள் பயன்பாட்டில் இருந்த கோப்புகளை அப்போதுதான் அழிக்கும்.

பிரவுசர் விஷயத்தில் மட்டும் இந்த முறை ஏமாற்றிவிடும். குரோமை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டு, அதே கணக்கில் நுழைந்தால், தகராறு செய்த எக்ஸ்டென்ஷன் உட்பட அத்தனையும், கணக்கில் சேமித்தவற்றைத் திரும்ப இறக்கும் சிங்க் வழியாக வந்துவிடும். அங்கே நிறுவலுக்குப் பதிலாக செட்டிங்ஸில் உள்ள 'ரீசெட்' தான் சரி. ஃபயர்ஃபாக்ஸில் அதன் பெயர் 'ரெஃப்ரெஷ்'. புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் இரண்டிலும் தப்பிக்கும்.

5. இடம்

சி டிரைவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இடம் இருந்தால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பட்டை சிவப்பாகிவிடும். விண்டோஸ் அப்டேட் தோற்பதும், பிரவுசர் திணறுவதும் அங்கிருந்துதான் தொடங்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் 'டெம்பரரி ஃபைல்ஸ்' திறந்து துடையுங்கள். ஒரே எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அது தற்காலிகக் கோப்பு அல்ல, உங்கள் டவுன்லோட்ஸ் கோப்புறையே. எல்லாவற்றுக்கும் டிக் போடும் வேகத்தில் அதற்கும் போட்டால் ஆதார் நகல், ரயில் டிக்கெட் எல்லாம் போய்விடும்.

எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்குவது) செய்யும் தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸே கால அட்டவணை வைத்து, ஹெச்டிடி என்றால் டிஃப்ராகும் எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை டிஸ்குக்குத் தெரிவிக்கும் டிரிம்மும் செய்துகொள்கிறது.

6. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டிய நேரம்

களைந்தும் சரியாகவில்லை, அப்டேட் தொடர்ந்து தோற்கிறது, நீலத் திரை வருகிறது, தீநிரல் புகுந்துவிட்டது, அல்லது புது எஸ்எஸ்டி போடுகிறீர்கள். இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் இந்தப் படி. மூன்று வழிகள் உண்டு, மென்மையானதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வழியில் மென்பொருளும் கோப்பும் அப்படியே இருக்க, விண்டோஸின் கோப்புகள் மட்டும் புதிதாகும். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கலைச் சரிசெய்யும் 'ரீஇன்ஸ்டால் நவ்' பொத்தான் இருக்கிறது. அப்டேட் தகராறுகளுக்கு இது அருமையான மருந்து. மென்பொருள் கூட்டத்தால் வரும் மந்தத்துக்கு உதவாது, கூட்டம் அப்படியே இருக்கும் என்பதால்.

இரண்டாவது, அதே பக்கத்தில் உள்ள 'ரீசெட் பிசி'. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போகும். எவை போயின என்று ஒரு பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும். அடுத்து 'கிளவுட் டவுன்லோட்', 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' என்று கேட்கும். இருக்கும் விண்டோஸ் கோப்புகளிலேயே கோளாறு என்ற சந்தேகம் இருந்தால் கிளவுட் நல்லது. ஆனால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளவும்.

மூன்றாவது, பென் டிரைவிலிருந்து முழுக்கப் புதிதாக நிறுவுவது. தீநிரல் புகுந்த கணினிக்கும் புது டிஸ்குக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். லேப்டாப்போடு நிறுவனம் திணித்து அனுப்பிய மென்பொருள்களில் பெரும்பாலானவை போவதும் இதில்தான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டும். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஏற்கப்பட்ட பிராசசரும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' கருவி ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடும். ஏறாத பழைய கணினியை எப்படியும் துடைக்கப் போகிறீர்கள் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பரிசீலிக்கலாம். பிரவுசர், யூடியூப், கடிதம் தட்டச்சு என்ற அளவுக்கு அது தாராளம். ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகத் தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் போல விண்டோஸில் மட்டும் ஓடுபவை வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

7. துடைப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

போட்டோ, டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அழுகை வருவது மற்றவற்றால்.

தமிழ் எழுத்துருக்கள் முதலில். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், அவற்றுக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்துகள் அல்ல. உள்ளே ஆங்கிலக் குறிகள் இருக்கின்றன; எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஃபார்மட் முடிந்து, சங்கத்தின் பழைய அறிக்கையையோ அப்பாவின் கவிதைத் தொகுப்பையோ திறந்து, கோப்பு கெட்டுவிட்டது என்று தலையில் கைவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். நீங்கள் சேர்த்த தமிழ் எழுத்துருக்களை அங்கிருந்து நகலெடுத்து வையுங்கள். எழுத்துருவைப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், வாய்ப்புக் கிடைக்கும்போது அந்தக் கோப்புகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு.

யூனிகோடிலும் ஒரு சின்ன அதிர்ச்சி உண்டு. லதா எழுத்துருவில் அமைத்த ஆவணம் புதிய விண்டோஸில் நிர்மலா என்ற வேறு எழுத்துருவில் தெரிந்து, பக்கங்கள் முன்பின்னாகும். லதாவும் விஜயாவும் இப்போது 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற விருப்பக் கூறில் இருக்கின்றன. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி அதைச் சேர்த்தால் பழைய அமைப்பு திரும்பும்.

டேலி வைத்திருப்பவர்கள், நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் காட்டும் கோப்புறைப் பாதையைக் குறித்துக்கொண்டு அதை முழுதாக நகலெடுங்கள். டேலிக்குள்ளிருந்தே ஒரு பேக்கப்பும் எடுங்கள். உரிமத்தை 'சரண்டர்' (இந்தக் கணினியிலிருந்து விடுவிப்பது) செய்துவிட்டுத் துடைப்பது பின்னால் தொல்லையைக் குறைக்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, பிரவுசர் புக்மார்க், விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் சாவி எண்கள் ஆகியவையும் பட்டியலில் இருக்கட்டும்.

ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள், கோப்புக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது கணினியில் இல்லை, இணையத்தில் மட்டுமே இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதை வெளி டிஸ்கில் வைத்திருப்பதாக நினைத்துக் கணக்கை மூடிவிடாதீர்கள்.

கணினி என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறதா (டிஸ்கில் உள்ளவை சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கின்றனவா) என்று செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரிகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். தாளில் எழுதி வையுங்கள். அதே கையோடு சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருக்கிறதா, ஹோமா புரோவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் மறுபடி நிறுவும்போது சாவி எண் எதுவும் வேண்டாம். கணினியே அடையாளம் கண்டுகொள்ளும். இலவசமாக விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்களின் ஆக்டிவேட்டருக்கும் (உரிமம் இல்லாமலே மென்பொருளை ஓடவைக்கும் கிராக்) தேவை இருக்காது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று கேட்கும் எந்த நிரலும் வீட்டுக்குள் வரக்கூடாது. பல ஃபார்மட்களின் உண்மையான காரணம் முந்தைய ஃபார்மட்டில் ஏறிய அந்தக் கிராக்தான்.

8. பென் டிரைவிலிருந்து நிறுவுதல்

குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. அதில் இருப்பது அத்தனையும் அழியும். மைக்ரோசாஃப்ட் தளத்தின் 'மீடியா கிரியேஷன் டூல்' மீதியைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு பென் டிரைவில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கும். வைஃபை தெரியாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டிவரும். இன்டெல் பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான சில லேப்டாப்களில் நிறுவும் திரையில் டிஸ்கே தெரியாது. டிஸ்க் கெடவில்லை. இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுத்தால் தெரியும். அதையும் சேர்த்து இறக்கிவிடுங்கள்.

சார்ஜரைச் செருகியே வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் மின்தடை வரும் நேரத்தில் தொடங்காதீர்கள். கணினியை இயக்கியவுடன் டெல், லெனோவா என்றால் எஃப்12-ஐயும் ஹெச்பி என்றால் எஃப்9-ஐயும் தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சாவி எண் கேட்கும் திரையில் என்னிடம் இல்லை என்ற தெரிவைக் கொடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வரும் திரையில் நிதானம் தேவை. அங்கே சி, டி என்ற பெயர்கள் இருக்காது. டிஸ்கின் பகுதிகள் 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1', 'பார்ட்டிஷன் 2' என்று எண்களும் அளவுகளுமாகத்தான் இருக்கும். டி டிரைவில் கோப்புகள் இருந்தால், எது எவ்வளவு ஜிபி என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்த்து, சி இருந்த பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்து அதிலேயே நிறுவுங்கள். இரண்டு டிஸ்க் உள்ள டெஸ்க்டாப் என்றால் தரவு இருக்கும் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டால் கைதவற வழியே இல்லை. முழுக் கணினியிலும் காப்பாற்ற எதுவும் இல்லையென்றால் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். தேவையானவற்றை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும்.

9. திரும்ப ஏற்றுவது

விண்டோஸ் அப்டேட்டை, இனி எதுவும் இல்லை என்று சொல்லும்வரை ஓட்டுங்கள். இடையில் இரண்டு மூன்று ரீஸ்டார்ட் ஆகும். பெரும்பாலான டிரைவர்கள் அதிலேயே வந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் மிச்சமிருந்தால் அதற்கு மட்டும் நிறுவனத்தின் தளத்துக்குப் போங்கள்.

முதல் நாள் போட வேண்டியது மிகக் குறைவு. பிரவுசர், ஆஃபீஸ் அல்லது லிப்ரஆஃபீஸ், விஎல்சி, 7-ஜிப், பிரின்டர் டிரைவர். பிரின்டருக்கு நிறுவனம் தரும் முழு சூட் வேண்டாம். டிரைவர் மட்டும் போதும். பிடிஎஃப் படிக்க பிரவுசரே போதும். தமிழ்த் தட்டச்சுக்கும் பலருக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸுக்குள்ளேயே கிடைக்கின்றன. பழைய தட்டச்சுப்பொறி முறையில் விரல் பழகியவர்கள் மட்டும் என்ஹெச்எம் ரைட்டரையோ அழகியையோ போட்டுக்கொள்ளலாம்.

மற்ற எதையும் தேவை வரும் நாளில் போடுங்கள். இது எளிய விதி, ஆனால் வீட்டில் எல்லோரையும் இதற்குச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டம். பிள்ளைகளுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுத்தால், கணினி முழுவதையும் தொடும் மென்பொருள் எது ஏறினாலும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேண்டாதவை நின்றுவிடும்.

அத்தியாவசியமானவை ஏறி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றானதும் ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடி, சி டிரைவுக்குப் பாதுகாப்பை இயக்கி ஒரு புள்ளி உருவாக்குங்கள். புதிதாக எதையாவது நிறுவிக் கணினி தடுமாறினால், அந்தப் புள்ளிக்குப் போவது ஃபார்மட்டைவிட எவ்வளவோ சுலபம். காப்புநகல் எடுத்த வெளி டிஸ்கை உடனே காலி செய்துவிட வேண்டாம். வரிக் கணக்கு, டேலி, பழைய எழுத்துருக் கோப்புகள் ஒவ்வொன்றையும் புதிய கணினியில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகு காலி செய்யுங்கள்.